புஸ்ஸி தளபதி, செஞ்சி முதல் கடலூர் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் புஸ்ஸி வீதி எது என்று கேட்டால் ஆட்டோக்காரர் யோசிக்காமல் கொண்டுபோய் விடுவார். அந்தப் பெயருக்கு உரிய ஆள் யார், கடலூரில் அவருக்கு என்ன வேலை என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் குறைவு. பள்ளிப் பாடத்தில் டூப்ளேவும் கிளைவும் வருகிறார்கள். புஸ்ஸி ஒரு வரியோடு போய்விடுகிறார். போர்க்களத்திலிருந்து விலகி இருபது வருஷம் ஊரில் உட்கார்ந்திருந்து, அறுபது தாண்டிய வயதில் திரும்ப அழைக்கப்பட்டு, பரங்கிப்பேட்டையில் இறங்கி, கடலூரில் முற்றுகைக்கு ஆளானவர் அவர். அவரைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளும் பதில்களும் கீழே.

புஸ்ஸி யார்? இரண்டு வரியில் சொல்லுங்கள்.

முழுப்பெயர் சார்ல் ஜோசப் பத்திசியே, புஸ்ஸி-காஸ்தெல்னோ பிரபு. பிரான்சில் சுவாசோன் நகரத்துக்குப் பக்கத்தில் பிறந்து, இளம் வயதிலேயே பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையோடு இந்தப் பக்கம் வந்து, ஐதராபாத் தர்பாரில் ஏழு வருஷம் பிரெஞ்சு செல்வாக்கை நிறுத்திக் காட்டியவர். 1785 ஜனவரி 7-ஆம் தேதி புதுச்சேரியில் இறந்தார்.

வரும்போதே தளபதியாக வந்தாரா?

இல்லை. கீழ்மட்ட அதிகாரியாக வந்து படிப்படியாக மேலே போனவர். முதலில் பேர் வாங்கியது 1749 ஆகஸ்ட் 3-ஆம் தேதி ஆம்பூர்ச் சண்டையில். ஆற்காட்டு நவாப் அன்வருதீன் அந்தச் சண்டையில்தான் கொல்லப்பட்டார். பிரெஞ்சுப் படைக்குத் தலைமை தாங்கிய தோத்தேய் காயம்பட்டதும் படையை முன்னால் கொண்டுபோனவர் புஸ்ஸி. அடுத்த வருஷம் செஞ்சி. அதற்குப் பிறகு புதுச்சேரிக் கவர்னர் டூப்ளே எந்தப் பெரிய காரியத்துக்கும் முதலில் நினைத்தது இவரைத்தான்.

செஞ்சிக் கோட்டையை ஒரே ராத்திரியில் பிடித்தார் என்பது உண்மையா? அது எப்படி முடியும்?

உண்மை. 1750 செப்டம்பர் 11. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை, மூன்றையும் சேர்த்துக் கட்டிய மதில். பகலில் ஏறினால் மேலிருந்து கல்லை உருட்டியே ஆளைத் தீர்த்துவிடலாம். அப்படியானால் ராத்திரியில் எப்படி விழுந்தது? காரணங்கள் மூன்று.

முதலாவது, உள்ளே இருந்த, அன்வருதீன் மகன் முகமது அலியின் கூட்டம் சில நாள் முன்னால்தான் திருவதிகைப் பக்கம் அடிவாங்கி ஓடிவந்தது. அடிவாங்கிய படை கோட்டைக்குள் புகுந்தால் கோட்டைக்குப் பலம் கூடாது. அவர்களின் பயமும் சேர்ந்து உள்ளே வந்துவிடும். இரண்டாவது, புஸ்ஸி பின்னால் வரும் பெரும்படைக்காகக் காத்திருக்கவில்லை. ஓடிவந்தவர்களின் குதிகாலை மிதித்தபடியே கீழ்க்கோட்டை வாசலுக்கு வந்து, கதவில் வெடிமருந்துப் பெட்டியை வைத்துத் தகர்த்தார். மூன்றாவதுதான் முக்கியம். கீழ்க்கோட்டை கைக்கு வந்ததும் அங்கேயே தங்கிவிடாமல், இருட்டு இருக்கும்போதே மூன்று மலைக்கும் மூன்று கூட்டமாக ஆளை ஏற்றிவிட்டார். விடியும்வரை கீழே நின்றிருந்தால் மூன்று பக்கத்துப் பீரங்கிக்கும் நடுவில் மாட்டியிருப்பார்கள்.

விடிந்த பிறகு மேலே நின்று பார்த்த பிரெஞ்சுக்காரர்களே, எப்படி ஏறினோம் என்று வியந்ததாகப் பழைய வரலாறுகள் சொல்கின்றன. 1761 ஏப்ரலில் ஆங்கிலேயர் கைக்குப் போகும்வரை செஞ்சி பிரெஞ்சுக்காரரிடமே இருந்தது.

தக்காணத்தில் ஏழு வருஷம் அப்படி என்ன செய்தார்?

அவர் வாழ்க்கையின் கனமான பகுதி இது. சண்டைகளை மட்டும் எண்ணிக்கொண்டு போனால் இதன் அருமை தெரியாது.

1750 டிசம்பரில் ஐதராபாத் நிஜாம் நாசிர் ஜங் செஞ்சிக்குப் பக்கத்தில் கொல்லப்பட்டார். அவர் இடத்துக்கு வந்த முசாபர் ஜங்கைப் பத்திரமாக ஐதராபாத் கொண்டுபோய்ச் சேர்க்க, 1751 ஜனவரியில் புஸ்ஸி புறப்பட்டார். கூட இருந்தது ஏறத்தாழ 300 பிரெஞ்சு வீரர்கள், 2,000 சிப்பாய்கள், கொஞ்சம் பீரங்கி. கடப்பைப் பக்கம் போகும்போதே முசாபர் ஜங் கலகத்தில் இறந்துபோனார். வேறு யாராக இருந்தாலும் திரும்பியிருப்பார்கள். புஸ்ஸி அதே இடத்தில், படை முகாமிலேயே காவலில் இருந்த சலாபத் ஜங்கை நிஜாமாக அறிவிக்க வைத்துவிட்டு, பயணத்தைத் தொடர்ந்தார். ஜூனில் அவுரங்காபாத்.

அதற்கு அப்புறம் ஏழு வருஷம் அந்தச் சின்னப் படை கலையாமல் நின்றதற்குக் காரணம் சம்பளம். அந்தக் காலப் படைகளில் சம்பள பாக்கி சர்வசாதாரணம். ஆறு மாதம், ஒரு வருஷம் பாக்கி வைப்பார்கள். சிப்பாய் துப்பாக்கியோடு எதிர்ப்பக்கம் போவான், இல்லையென்றால் அதிகாரியின் கூடாரத்தைச் சுற்றி உட்கார்ந்து மறியல் செய்வான். 1753 தொடக்கத்தில் புஸ்ஸி உடம்பு சரியில்லாமல் மசூலிப்பட்டினத்தில் படுத்திருந்தபோது, தர்பார் ஆட்கள் பணத்தை நிறுத்தி, படையைச் சிறு சிறு கூட்டமாகப் பல ஊருக்குப் பிரித்தனுப்பிவிட்டார்கள். கூடி நின்றால்தான் அது படை. பிரிந்தால் ஊர்க்காவல்.

திரும்பி வந்த புஸ்ஸி அதற்கு வைத்தியம் கண்டுபிடித்தார். மாதாமாதம் தர்பாரில் கையேந்துவதற்குப் பதிலாக, படைச் செலவுக்கென்றே நான்கு மாகாணங்களின் வரி வசூலை எழுதி வாங்கினார். முஸ்தபாநகர், ஏலூர், ராஜமுந்திரி, ஸ்ரீகாகுளம். 1753 கடைசியில் கைக்கு வந்த இவற்றைத்தான் வட சர்க்கார் என்கிறோம். நாடு பிடிக்கும் ஆசை என்று எழுதுபவர்கள் உண்டு. சம்பளப் பட்டுவாடாவுக்கு ஒரு நிலையான வழி வேண்டும் என்பதுதான் முதல் நோக்கம் என்பது எங்கள் கருத்து.

1756-இல் தர்பாரில் எதிரிகள் கை ஓங்கி அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். சண்டைக்குப் போகாமல் ஐதராபாத் வந்து, சார் மகால் தோட்டத்தில் மதிலைப் பலப்படுத்தி, தானியம் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆகஸ்டில் உதவிப் படை வந்து சேர்ந்தது. சலாபத் ஜங் சமாதானத்துக்கு வந்தார். முற்றுகைக்குள் சோறும் தண்ணீரும் கணக்குப் பார்த்து இருக்கத் தெரிந்த ஆள் என்பதை இங்கேயே கவனித்துக்கொள்ளுங்கள். கடலூரில் அது மறுபடி வரும்.

பொப்பிலி யுத்தத்தில் அவர் பங்கு என்ன?

1757 ஜனவரி 24. வட சர்க்காரில் வரி வசூலுக்குப் போன இடத்தில், விஜயநகரம் ஜமீன் ராஜாவின் பழைய பகைக்குத் துணை போனார். பொப்பிலிக் கோட்டையில் ரங்காராவும் அவர் ஆட்களும் பெண்டு பிள்ளைகளைத் தங்கள் கையாலேயே கொன்றுவிட்டுச் சாகும்வரை சண்டை போட்டார்கள். விஜயநகரம் ராஜாவும் சில நாளில் கூடாரத்திலேயே பழிவாங்கப்பட்டார். தெலுங்கு மக்கள் இன்றும் பாடும் துயரம் இது. ஒரு ஜமீன்தாரின் சொல்லைக் கேட்டு இன்னொருவரின் கோட்டைமேல் பீரங்கியைத் திருப்பியது புஸ்ஸியின் பெயரில் தீராத கறை.

லாலிக்கும் புஸ்ஸிக்கும் என்ன தகராறு?

1758 ஏப்ரல் கடைசியில் லாலி புதுச்சேரி வந்து இறங்கினார். அரசர் நேரடியாக அனுப்பிய தளபதி. இந்தியாவைப் பார்த்ததே கிடையாது. மே மாதம் ஆங்கிலேயரிடமிருந்து கடலூர் பிடிபட்டது. ஜூன் 2-ஆம் தேதி தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டை சரணடைந்தது, பிறகு இடித்துத் தள்ளப்பட்டது. அதுவரை நன்றாகத்தான் போனது. ஆனால் வண்டிமாடும் சுமையாளும் கூலி கொடுத்துச் சேர்க்க வேண்டும் என்ற புத்தி லாலிக்கு இல்லை. புதுச்சேரியில் சாதி, வயது பார்க்காமல் கண்ணில் பட்டவர்களைப் பிடித்துச் சுமை தூக்க வைத்தார். ஊரே வெறுத்தது. பணத்துக்காகத் தஞ்சாவூர்மேல் படையெடுத்தார். வழியில் நாகூரைச் சூறையாடி, கீவளூரில் கோயில் அர்ச்சகர்களைக் கொன்று, கடைசியில் வெறுங்கையோடு திரும்பினார்.

இப்படிப்பட்டவர் ஐதராபாத்திலிருந்து புஸ்ஸியைக் கூப்பிட்டார். ‘நான் வந்துவிட்டால் இங்கே எல்லாம் கைவிட்டுப் போகும்’ என்பதே புஸ்ஸியின் வாதம். லாலி கேட்கவில்லை. அது மட்டுமல்ல, புஸ்ஸி தக்காணத்தில் பெரும் பணம் சேர்த்து ஒளித்து வைத்திருக்கிறார் என்று சந்தேகப்பட்டார். புஸ்ஸி பெரும் பணக்காரர் ஆனதும் உண்மைதான். அவர் கிளம்பியதும் நடந்தது: 1759 ஏப்ரலில் மசூலிப்பட்டினம் ஆங்கிலேயர் கைக்குப் போனது, சலாபத் ஜங்கும் அவர்கள் பக்கம் சாய்ந்தார். ஏழு வருஷ உழைப்பு ஒரு வருஷத்துக்குள் கரைந்தது.

வந்தவாசியில் பிடிபட்டது எப்படி?

1760 ஜனவரி 22. சண்டை நடுவில் வெடிமருந்து வண்டி வெடித்துப் பிரெஞ்சு வரிசை குலைந்தது. சரிந்த வரிசையைத் தூக்கி நிறுத்த, புஸ்ஸி ஒரு கூட்டத்தைச் சேர்த்து ஈட்டிமுனைத் தாக்குதலுக்குப் போனார். குதிரை சுடப்பட்டு விழுந்தது. சுற்றி வளைத்துப் பிடித்துவிட்டார்கள். ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் அவரை மரியாதையாகவே நடத்தினார். அடுத்த வருஷம் ஜனவரியில் புதுச்சேரியே விழுந்தது.

பிரான்சில் ஓய்வுக் காலம் எப்படிப் போனது?

வசதியாக, ஆனால் நிம்மதியில்லாமல். அமைச்சர் சுவாசேல் குடும்பத்தில் பெண் எடுத்தார். இந்தியத் தோல்விக்கு யார் காரணம் என்ற வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. லாலி புஸ்ஸியைக் குற்றம் சொல்லி எழுத, புஸ்ஸி பதில் எழுத, அச்சகங்களுக்கு வேலை குறையவில்லை. 1766 மே 9-ஆம் தேதி லாலியின் தலையை வெட்டினார்கள். லாலியின் குற்றம் கர்வமும் அறியாமையும், துரோகம் அல்ல. அந்தத் தண்டனை அநியாயம் என்பதைப் பிற்காலத்தில் பிரான்சே உணர்ந்தது.

அறுபது தாண்டியவரை ஏன் மறுபடி அனுப்பினார்கள்?

ஆங்கிலேயரோடு போரில் இருந்த மைசூர் ஹைதர் அலிக்குத் தெரிந்த, மதிப்பு வைக்கக்கூடிய பெயர் வேறு எதுவும் பிரான்சிடம் இல்லை. ஆனால் அனுப்பிய நேரமும் விதமும் சரியில்லை. 1781 டிசம்பரில் பிரான்சிலிருந்து கிளம்பிய கப்பல் கூட்டத்தை ஆங்கிலேயர் வழியிலேயே மடக்கிப் பலவற்றைப் பிடித்துக்கொண்டார்கள். கிழக்கே வரவேண்டிய ஆளும் சாமானும் அதில் போயிற்று. மொரீசியஸ் வந்து சேர்ந்த புஸ்ஸிக்கு அங்கேயே நோய், படையிலும் நோய். மாதங்கள் வீணாயின. 1782 டிசம்பர் 7-ஆம் தேதி ஹைதர் இறந்துபோனார். யாரை நம்பி வந்தாரோ அவர் இல்லை. திப்பு மேற்குக் கரையைக் காக்கப் போய்விட்டார். இங்கே விட்டுவிட்டுப் போனது ஒரு பகுதிப் படையை மட்டும்.

புஸ்ஸிக்குக் கால்வாதம் வேறு. குதிரை ஏற முடியாது. பல்லக்கில்தான் நடமாட்டம்.

புதுச்சேரியில் இறங்காமல் ஏன் பரங்கிப்பேட்டை? ஏன் கடலூர்?

நடுவில் சமாதானத்தில் திரும்பக் கிடைத்த புதுச்சேரி 1778 அக்டோபரிலேயே மறுபடி ஆங்கிலேயரிடம் போய்விட்டது, மதிலையும் இடித்துவிட்டார்கள். மதில் இல்லாத ஊரில் படையை வைக்க முடியாது. கடலூரை 1782 ஏப்ரலில் துஷ்மேன் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை ஹைதர் உதவியோடு பிடித்திருந்தது. மதில் இருந்தது, ஆறு இருந்தது, பக்கத்திலேயே கப்பல் நிற்க இடம் இருந்தது. பரங்கிப்பேட்டை மைசூர்க்காரர் வசம் இருந்ததால் அங்கே எதிர்ப்பில்லாமல் இறங்கலாம். 1783 மார்ச் நடுவில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேனின் கப்பல்கள் புஸ்ஸியையும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களையும் அங்கே இறக்கின. அங்கிருந்து கடலூர் முப்பது கிலோமீட்டர் சொச்சம்.

ஆங்கிலேயப் படை சென்னையிலிருந்து வர ஏன் அவ்வளவு நாள் ஆயிற்று?

தளபதி ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ஏப்ரல் 21-ஆம் தேதி கிளம்பி, ஜூன் 7-ஆம் தேதிதான் கடலூருக்குத் தெற்கே கூடாரம் அடித்தார். சராசரி போட்டால் நாளைக்கு நான்கு கிலோமீட்டர். சோம்பேறித்தனம் என்று அன்றே திட்டினார்கள். ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். முற்றுகைப் பீரங்கி ஒன்றின் எடை இரண்டு டன்னைத் தொடும். மணல் பாதையில் அதை இழுக்க முப்பது, நாற்பது மாடு வேண்டும்; குண்டுக்கும் மருந்துக்கும் தனி வண்டி. படைவீரர் பத்தாயிரத்துக்கு மேல். சமையல்காரர், வண்டிக்காரர், குதிரைக்காரர், குடும்பங்கள் எல்லாம் சேர்ந்தால் வாய் அதைப்போல இரண்டு மடங்கு. ஆளுக்கு ஒரு சேர் (ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு) அரிசி என்றாலும் நாளொன்றுக்குப் பதினெட்டு டன். ஹைதர் படை மூன்று வருஷமாக வயலை எரித்து, ஏரியை உடைத்திருந்த பூமியில் அரிசி எங்கே கிடைக்கும்? கடல்வழியாகத்தான் வரவேண்டும். அதனால் படை கரையை விட்டு விலகாமல், சாமான் கப்பல்களுக்கு ஈடுகொடுத்து நகர்ந்தது.

இந்த ஒரு விஷயம்தான் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானித்தது. ஸ்டூவர்ட்டின் சோற்றுப்பானை கடலில் இருந்தது.

1783 ஜூன் 13 அன்று என்ன நடந்தது?

முதலில் தரையைப் புரிந்துகொள்ளுங்கள். பழைய மதில்சூழ்ந்த கடலூர் என்பது இன்றைய முதுநகர், நாம் ஓ.டி. (ஓல்டு டவுன்) என்று சொல்லும் பகுதி. அதற்கு மேற்கே, தென்மேற்கே செம்மண் மேடு. ஆங்கில ஆவணங்களில் பண்டபொல்லம் மலை என்று வருவது வண்டிப்பாளையத்தை ஒட்டிய இன்றைய கேப்பர் மலை. கிழக்கே உப்பனாறும் கடலும். ஸ்டூவர்ட் பெண்ணையாற்றைக் கடந்து, மேட்டைச் சுற்றிக்கொண்டு ஊருக்குத் தெற்கே மூன்று கிலோமீட்டர் தள்ளி வந்து நின்றார். வலது கை கடலில், இடது கை மேட்டில். புஸ்ஸி ஊருக்கு வெளியே, மேட்டிலிருந்து கடல்பக்கம்வரை மண்ணைத் தோண்டிப் பாதுகாப்பு வரிசை போட்டிருந்தார்.

அந்த வரிசையின் பலவீனம் மேற்குக் கோடி. மேட்டை முழுசாகக் கையில் வைக்காமல் கீழே பள்ளம் தோண்டி உட்கார்ந்தால், மேட்டுக்காரன் பக்கவாட்டிலிருந்து நீளவாக்கில் சுடுவான். பள்ளத்தில் இருப்பவனுக்கு முன்பக்கம்தான் மண். பக்கத்தில் ஒன்றும் இல்லை. அதுதான் நடந்தது. விடியற்காலை கெல்லி என்ற ஆங்கில அதிகாரி மேட்டில் ஏறி அங்கிருந்த பிரெஞ்சுப் பீரங்கிகளைப் பிடித்து, கீழ்நோக்கித் திருப்பினார்.

ஆனால் ஆங்கிலேயர் பக்கமும் திட்டம் சிதறியது. எல்லாப் பிரிவும் ஒரே நேரத்தில் பாய வேண்டும், அதற்கு அடையாளம் மேட்டில் பீரங்கி முழக்கம் என்று ஏற்பாடு. சுற்றிலும் பீரங்கி முழங்கும்போது எந்த வெடி அடையாள வெடி என்று யாருக்குத் தெரியும்? பிரிவுகள் தனித்தனியாகப் போய்த் தனித்தனியாக அடிவாங்கின. ஒரு கட்டத்தில் பிரெஞ்சு வீரர்கள் பள்ளத்தைவிட்டு வெளியே வந்து ஓடுபவர்களைத் துரத்தினார்கள். அந்த இடைவெளியில் வேறொரு ஆங்கிலப் பிரிவு காலியான மண்கோட்டைக்குள் புகுந்துகொண்டது. துரத்தப் போனவர்கள் திரும்பிப் பார்த்தபோது அவர்களின் இடத்தில் எதிரி.

சாயங்காலம் ஆங்கிலேயர் தரப்பில் செத்தவர், காயம்பட்டவர் சேர்த்து ஆயிரத்துக்குக் கிட்டத்தட்ட. பிரெஞ்சுத் தரப்பில் அதில் பாதிதான். அன்று ராத்திரி புஸ்ஸி எல்லாரையும் மதிலுக்குள் இழுத்துக்கொண்டார். அடிபட்டுக் கிடக்கும் எதிரியை விடியுமுன் தாக்க வேண்டும் என்று கீழதிகாரிகள் துடித்தார்கள். செஞ்சியில் இருட்டில் மலையேறிய இளைஞன் அதைத்தான் செய்திருப்பான்.

அவர் பயந்துவிட்டாரா?

பயம் என்று சொல்லமாட்டோம். பல்லக்கில் கிடக்கும் தளபதிக்குக் களம் கண்ணில் படாது. வரும் செய்தியை நம்பித்தான் முடிவெடுக்க முடியும். கையில் இருந்த ஐரோப்பியர் மூவாயிரம் போல. அவர்களை இழந்தால் இன்னொரு படை வர ஒரு வருஷம் ஆகும். சார் மகாலில் செய்ததையே இங்கும் செய்தார்: கதவைச் சாத்திக்கொண்டு, எதிரியின் அரிசி தீரும்வரை காத்திருப்பது. அந்த முடிவு பிழையில்லை என்று காட்டியது கடல்.

ஜூன் 20 கடற்சண்டைக்கும் முற்றுகைக்கும் என்ன தொடர்பு?

கடலூருக்கு எதிரே நின்ற ஆங்கிலக் கடற்படைத் தளபதி ஹியூசின் கப்பல்கள்தான் ஸ்டூவர்ட்டின் அரிசிக்குக் காவல். ஹியூசிடம் 18 போர்க்கப்பல், சுஃப்ரேனிடம் 15. எண்ணிக்கையில் குறைவு, ஆளும் குறைவு. புஸ்ஸி தன் காவற்படையிலிருந்து ஏறத்தாழ 1,200 பேரைப் பீரங்கி வேலைக்காகக் கப்பலுக்குக் கொடுத்தார். முற்றுகைக்குள் இருக்கும் தளபதி ஆளைக் குறைத்துக்கொள்வது சின்ன விஷயமில்லை. அந்த மாதத்தில் அவர் எடுத்த மிகத் துணிச்சலான முடிவு அதுதான்.

ஆனி மாத மேல்காற்று பிரெஞ்சுக்காரர்களுக்குச் சாதகம். கரைப்பக்கமிருந்து காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு தாங்கள் விரும்பிய நேரத்தில் அணுகலாம். பிற்பகலில் தொடங்கி இருட்டும்வரை சுட்டார்கள். இரண்டு பக்கமும் ஒரு கப்பலும் மூழ்கவில்லை. ஆனால் ஹியூசின் மாலுமிகள் ஏற்கெனவே ஸ்கர்வி நோயில் கிடந்தார்கள், குடிதண்ணீர் தீர்ந்திருந்தது. அவர் சென்னைக்குப் போய்விட்டார். சுஃப்ரேன் கடலூர் முன்னால் நங்கூரம் போட்டு, வாங்கிய 1,200 பேரோடு தன் ஆட்களையும் சேர்த்து 2,400 பேரைக் கரையில் இறக்கினார். முற்றுகை போட்டவர் இப்போது முற்றுகைக்குள்.

பிறகு ஏன் புஸ்ஸி ஜெயிக்கவில்லை?

ஜூன் 25 விடியலுக்கு முன் பிரெஞ்சுக்காரர் வெளியே வந்து ஆங்கிலப் பதுங்குகுழிகளைத் தாக்கினார்கள். ஒருங்கிணைப்பு இல்லை. வங்காளச் சிப்பாய்ப் படை ஒன்று ஈட்டிமுனையில் அவர்களைத் தடுத்துத் திருப்பியது. தாக்கப் போன தளபதி துமா சிறைபிடிக்கப்பட்டார். அடுத்த பெரிய தாக்குதலுக்கு ஏற்பாடு நடக்கும்போது, மாதக் கடைசியில் வெள்ளைக்கொடி கட்டிய ஆங்கிலக் கப்பல் வந்தது. சமாதானச் செய்தி. ஜூலை 2-ஆம் தேதி சண்டை நின்றது.

வேதனையான பகுதி இது: ஐரோப்பாவில் முதற்கட்ட ஒப்பந்தம் கையெழுத்தானது ஜனவரி 20-ஆம் தேதி. புஸ்ஸி பரங்கிப்பேட்டையில் இறங்குவதற்கு முன்பே போர் முடிந்துவிட்டது. செய்தி வர ஐந்து மாதம். கடலூர் மண்ணில் செத்த அத்தனை பேரும், இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் சேர்த்து, முடிந்துபோன போருக்காகச் செத்தார்கள்.

சுவீடன் ராஜாவான பெர்னடோட் கடலூரில் சிறைபிடிக்கப்பட்டார் என்கிறார்களே?

ஜூன் 25 தாக்குதலில் காயம்பட்ட ஒரு இளம் சார்ஜென்ட்டை வைத்துப் பின்னால் உருவான கதை. பெர்னடோட் 1780-இல் படையில் சேர்ந்து கார்சிகாத் தீவில் இருந்தவர். 1783-இல் அவர் சார்ஜென்ட் ஆகவும் இல்லை. கட்டுரை எழுதுபவர்கள் இதை உண்மை என்று எடுத்துப் போடாதீர்கள்.

ஸ்டூவர்ட் என்ன ஆனார்?

1781-இல் பொள்ளிலூர்ச் சண்டையில் பீரங்கிக் குண்டில் ஒரு காலை இழந்தவர் அவர். கடலூர்த் தாமதத்துக்காகவும் பிற சச்சரவுகளுக்காகவும் சென்னைக் கவர்னர் மெக்கார்ட்னி அவரைப் பதவி நீக்கி, கைதுசெய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். 1786-இல் லண்டனில் ஸ்டூவர்ட் மெக்கார்ட்னியைத் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்தார். ஒற்றைக்காலோடு மரத்தில் சாய்ந்து நின்று சுட்டு, முன்னாள் கவர்னரைக் காயப்படுத்தினார்.

சமாதானத்துக்குப் பிறகு புஸ்ஸி?

மங்களூரில் திப்புவுக்குத் துணையாக நின்ற பிரெஞ்சுக்காரர்களைச் சண்டையை நிறுத்தச் சொல்லி உத்தரவிட்டார். திப்பு இதைத் துரோகமாகவே எடுத்துக்கொண்டார். ஒப்பந்தப்படி அது புஸ்ஸியின் கடமை. ஆனால் அதன் விலையைப் பிரெஞ்சுக்காரர்மேல் இருந்த நம்பிக்கை கொடுத்தது. பிரெஞ்சுப் பகுதிகளைத் திரும்ப வாங்கும் வேலையில் இருக்கும்போதே புதுச்சேரியில் இறந்தார்.

இந்த இடங்களைப் பார்க்க வேண்டுமென்றால் எந்த வரிசையில் போவது?

கடலூர்ப் பகுதிக்கு ஒரு நாள், செஞ்சிக்குத் தனியாக ஒரு நாள். இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள்.

கடலூருக்குக் காலையில் திருவந்திபுரத்தில் தொடங்குங்கள். தேவநாதசுவாமி கோயிலுக்கு எதிரே ஹயக்ரீவர் சன்னிதிக்குப் படியேறினால், கெடிலத்தையும் செம்மண் மேட்டின் ஏற்ற இறக்கத்தையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். மழை பெய்து அரித்த ஓடைகளைக் கவனியுங்கள். ஆள் மட்டத்துக்கு மேல் ஆழம். இப்படிப்பட்ட ஓடைகளுக்குள் ஒரு படைப்பிரிவே கண்ணில் படாமல் மேலே வரலாம். பிறகு கேப்பர் மலைச் சாலை. மத்தியச் சிறை அங்கேதான். சிறைப் பக்கம் கேமராவை எடுக்க வேண்டாம். அங்கிருந்து இறங்கி முதுநகர், துறைமுகம், தெற்கே சிதம்பரம் சாலை. போர் நடந்த சமவெளி இப்போது வீடும் சிப்காட் தொழிற்சாலைகளுமாக இருக்கிறது. நினைவுக்கல்லைத் தேடி அலையாமல், மேட்டுக்கும் உப்பனாற்றுக்கும் நடுவில் எவ்வளவு குறுகல் என்பதைப் பாருங்கள். கடைசியாகத் தேவனாம்பட்டினம். சில்வர் பீச்சுக்குப் போகிறவர்கள் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சத்தைக் கவனிக்காமலே தாண்டிவிடுகிறார்கள்.

செஞ்சி புதுச்சேரியிலிருந்து எழுபது கிலோமீட்டர். 2025 ஜூலையில் மராட்டியப் போர்க் கோட்டைகள் வரிசையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ராஜகிரி ஏறி இறங்க அரை நாள் வேண்டும். காலையிலேயே ஏறிவிடுங்கள், நேரம் கழித்துப் போனால் மேலே விடமாட்டார்கள், பாறையும் கொதிக்கும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், அதைப் பைக்குள் வையுங்கள். கையில் பாட்டிலையோ தின்பண்டத்தையோ கண்டால் குரங்கு பிடுங்கிவிடும்.

புதுச்சேரியில் புஸ்ஸி வீதி இப்போது லால் பகதூர் சாஸ்திரி வீதி. கடல்பக்கமிருந்து வாய்க்காலைத் தாண்டி அண்ணா சாலை நோக்கிப் போகும். டூப்ளே காலத்துக் கோட்டை நின்ற இடம் பாரதி பூங்கா.

மேலும் ஆராய ஆவணங்கள் எங்கே?

ஆங்கிலேயர் தரப்புக் கடிதங்களுக்குச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம். பிரெஞ்சுத் தரப்புக்குப் புதுச்சேரியில் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை, பிரெஞ்சு நிறுவன நூலகம், ரோமன் ரோலண்ட் நூலகம். தக்காணக் காலத்துக்கு, துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தமிழிலேயே உண்டு. அவர் 1761 ஜனவரியில் இறந்துவிட்டதால் கடலூர் முற்றுகைக்கு உதவாது. காப்பகங்களுக்கு அடையாள அட்டையோடு, கல்லூரியிலிருந்தோ அமைப்பிலிருந்தோ ஒரு அறிமுகக் கடிதமும் கொண்டுபோங்கள். பழைய வரைபடத்தில் ஊர்ப்பெயர் தேடும்போது போர்ட்டோ நோவோ என்றால் பரங்கிப்பேட்டை, திரிவாடி என்றால் திருவதிகை. மைல் கணக்கை அப்படியே நம்பாமல், கெடிலத்தையும் பெண்ணையாற்றையும் அடையாளம் வைத்து அளந்துகொள்ளுங்கள். முகத்துவாரங்கள் மட்டும் அன்றிலிருந்து நகர்ந்திருக்கின்றன.